மகளுக்குப் பங்கு உண்டா என்று கேட்பதற்கு முன், அந்தச் சொத்து அப்பாவுக்கு எப்படி வந்தது?

அண்ணன் தம்பி இருவரும் நிலத்தை விற்க முடிவு செய்து முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். வாங்குகிறவர் கடனுக்காக வங்கிக்குப் போகிறார். வங்கி வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “மூணாவதா ஒரு மகள் பேர் இருக்கே, அவங்க கையெழுத்து எங்க?” என்கிறார். அதற்குப் பிறகுதான், எப்போதோ கட்டிக்கொடுத்த தங்கைக்கு போன் போகிறது. “ஒண்ணுமில்லம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடு.”

தங்கை நாலு பேரிடம் விசாரிக்கிறார். “2005-லயே சட்டம் வந்தாச்சு, சரிபங்கு உண்டு” என்கிறார் ஒருவர். “89-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது” என்கிறார் இன்னொருவர். “அப்பா சுயமா சம்பாதிச்சதுல யாரும் உரிமை கேக்க முடியாது” என்கிறார் மூன்றாமவர். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் பேசுவது ஒரே வகைச் சொத்தைப் பற்றியோ ஒரே காலத்தைப் பற்றியோ அல்ல. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பங்களைப் பற்றியது. பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் அதே சட்டம்தான். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு விதி வேறு. அதைக் கடைசிப் பகுதியில் பார்க்கலாம்.

பூர்வீகம், சுயார்ஜிதம்

சட்டத்தின் கண்ணில் அப்பாவின் சொத்து இரண்டு வகை.

சுயார்ஜிதம் என்பது அவருக்கே சொந்தமான தனிச் சொத்து. அவர் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கும் அதில் உரிமை இல்லை, மகளுக்கும் இல்லை. விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உயில் எழுதாமல் இறந்துபோனால் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவரும் சமமாக எடுத்துக்கொள்வார்கள். மகளுக்கு இந்தச் சம பங்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. இதற்கும் 2005-க்கும் சம்பந்தமே இல்லை.

பூர்வீகம் அல்லது கூட்டுக்குடும்பச் சொத்து என்பது பிறக்கும்போதே பிள்ளைகளுக்கு உரிமை தொடங்கிவிடும் சொத்து. அப்பா அதில் ஒரு பங்காளி மட்டுமே. இந்தப் பிறப்புரிமை முன்பு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது. 1989, 2005 சட்டங்கள் மாற்றியது இதைத்தான்.

ஊர்ப்பேச்சில் ‘பூர்வீகச் சொத்து’ என்றால் தாத்தா காலத்துச் சொத்து என்று அர்த்தம். சட்டத்தில் அப்படி இல்லை. தாத்தாவிடமிருந்து வந்த பல சொத்துகள் இன்று அப்பாவின் சுயார்ஜிதக் கணக்கில்தான் சேரும். எது எந்த வகை என்று பட்டாவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது உரிமையைத் தருவதில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. பார்க்க வேண்டியது தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்து எப்படிக் கைக்கு வந்தது என்று காட்டும் மூலப் பத்திரத்தை. அதில் வரக்கூடியவை இவை:

1. அப்பா பெயரில் நேரடிக் கிரயம். இது சுயார்ஜிதம். “பூர்வீக நிலத்து வருமானத்தில் வாங்கியது” என்று யாராவது சொன்னால், வாங்கும் அளவுக்கு அந்த நிலம் வருமானம் தந்தது என்பதை முதலில் அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

2. தாத்தா 1956 ஜூன் 17-க்கு முன்பே இறந்து, அப்பாவுக்கு வந்தது. அன்றுதான் இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பழைய முறைப்படி வந்த சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை உண்டு. இது பூர்வீகம்.

3. தாத்தா சுயமாக வாங்கியது. அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தார். மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. இப்படி வந்த பங்கு அப்பாவின் தனிச் சொத்து, அதில் அவர் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் சந்தர் சென் வழக்கில் சொன்னது. அந்த நிலை அப்படியே நீடிக்கிறது.

4. அப்பாவும் பெரியப்பா, சித்தப்பாக்களும் பூர்வீகச் சொத்தைப் பாகம் பிரித்ததில் வந்தது. பொதுவான விதிப்படி, அப்பாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இடையில் அது பூர்வீகமாகவே தொடரும்.

5. தாத்தா தன் சுயார்ஜிதத்தை அப்பாவுக்குத் தானமாகவோ உயிலாகவோ எழுதிக்கொடுத்தது. இதில் பத்திரத்தின் வாசகம்தான் முடிவு செய்யும். அப்படி வந்தது தானாகவே பூர்வீகம் ஆகிவிடாது, எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று பார்க்க வேண்டும் என்பது சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு முதலியார் குடும்ப வழக்கில் 1953-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

6. அம்மா வழியில் வந்தது. இதில் பூர்வீகம் என்ற பேச்சே கிடையாது.

மூன்றாவது வகையில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. தாத்தா 1972-இல் இறந்தார், பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலம் அன்றைக்கே நான்கு பாகம். பட்டா அப்பா பெயரில் மாறியிருக்கலாம், உழுததும் அவராக இருக்கலாம். அத்தைகள் எழுதிக்கொடுக்காதவரை அப்பாவுக்கு உரியது கால் பங்கும், பாட்டி போன பிறகு அவர் பங்கிலிருந்து வந்ததும்தான். அண்ணனிடம் பங்கு கேட்டு வக்கீல் வீட்டுப் படியேறும் பல பெண்கள், தங்களுக்கு முன்னால் அத்தை வரிசையில் நிற்பதை அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள். நிலத்தை வாங்க வருகிறவருக்கும் இதே சிக்கல்தான். இன்றைய வாரிசுகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, முந்தைய தலைமுறைப் பெண்களை விட்டுவிடுவார்கள்.

1989, 2005, 2020

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. மகளும் பிறப்பால் பங்காளி என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. ஆந்திரம் இதற்குச் சற்று முன்பே செய்துவிட்டது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-இல் செய்தன. கேரளம் 1975-இலேயே கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துவிட்டது.

தமிழ்நாட்டுத் திருத்தத்தில் ஒரு வரம்பு இருந்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. “89-க்கு முன்னாடி கல்யாணம்” என்று ஊரில் இன்றும் சொல்வது இதை வைத்துத்தான். பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை அன்றைக்கு அது சரி. சுயார்ஜிதத்துக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை. ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிச் சொல்லி, எத்தனையோ பெண்கள் அப்பாவின் சுயார்ஜிதத்தைக்கூடக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் திருமண வரம்பை எடுத்துவிட்டது. நாடு முழுவதும் மகள், திருமணம் ஆனவரோ ஆகாதவரோ, மகனைப் போலவே பங்காளி. அதே திருத்தம் 23-ஆம் பிரிவையும் நீக்கியது. ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது என்று தடுத்த பிரிவு அது.

அப்புறம் ஒரு சிக்கல் முளைத்தது. 2005-க்கு முன்பே அப்பா இறந்திருந்தால்? 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, அந்தத் தேதியில் அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-இல் இன்னொரு அமர்வு அதற்கு ஒத்துவராத முடிவைத் தந்தது. ஐந்து வருடங்கள் கீழ் நீதிமன்றங்களில் வக்கீல்கள் ஆளுக்கொரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை முடித்துவைத்தது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது. ஆகவே 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை.

அதற்காகப் பழையது எல்லாவற்றையும் கிளற முடியாது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த விற்பனை, பாகப்பிரிவினை போன்றவை நிற்கும். திருத்த மசோதா மாநிலங்களவையில் வைக்கப்பட்ட நாள் அது. 1998-இல் அண்ணன்மார் பதிவுசெய்து விற்ற நிலத்தை இந்தத் திருத்தத்தைக் காட்டி மீட்க முடியாது.

ஒன்பது ஏக்கர் கணக்கு

அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். நிலம் ஒன்பது ஏக்கர். அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். பாட்டி ஏற்கெனவே இல்லை.

1. சுயார்ஜிதமாக இருந்தால்: அம்மா 3, மகன் 3, மகள் 3.

2. பூர்வீகமாக இருந்து, 1989-க்கு முந்தைய விதிப்படி: முதலில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஆளுக்கு நாலரை. பிறகு அப்பாவின் நாலரையை மூவரும் பிரிப்பார்கள். மகனுக்கு 6, மகளுக்கு ஒன்றரை, அம்மாவுக்கு ஒன்றரை.

3. பூர்வீகமாக இருந்து, இன்றைய விதிப்படி: முதலில் அப்பா, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு 3. பிறகு அப்பாவின் 3 ஏக்கரை மூவரும் பிரிப்பார்கள். மகனுக்கு 4, மகளுக்கு 4, அம்மாவுக்கு 1.

மூன்றாவது கணக்கில் அம்மாவைப் பாருங்கள். மகளுக்குப் பிறப்புரிமை வந்ததும் அம்மாவின் பங்கு ஒன்றரையிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. மனைவி கூட்டுக்குடும்பத்தில் பங்காளி அல்ல. கணவரின் பங்கிலிருந்து மட்டுமே அவருக்கு வருகிறது. திருத்தத்தின் இந்தப் பக்கம் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

“அப்பவே பாகம் பிரிச்சாச்சு”

பங்கு கேட்கும்போது வரும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். ஒரு கூர்சீட்டை எடுத்துக் காட்டுவார்கள்: நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், கிழக்குப் பக்கம் பெரியவனுக்கு, கிணறு பொது, வாய்க்கால் வரப்பு இன்னின்னபடி, கீழே ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து. மகள் பெயர் இருக்காது.

2005 திருத்தம் பாகப்பிரிவினை என்று ஏற்றுக்கொள்வது இரண்டைத்தான்: பதிவுசெய்த பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை. வாய்மொழிப் பாகத்தைச் சாதாரணமாக ஏற்க முடியாது என்று வினீதா சர்மா தீர்ப்பும் சொன்னது. மகளை ஏமாற்றப் பழைய தேதி போட்ட தாள்களைக் கொண்டுவருவார்கள் என்ற எச்சரிக்கை அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் கதவை முழுக்கச் சாத்தவில்லை. அரசு ஆவணங்களால் ஐயமற உறுதிப்பட்டால் அரிதாக ஏற்கலாம் என்று விட்டிருக்கிறது. வாய்மொழியாகப் பிரித்து, ஆளுக்கொரு பட்டா எண், தனித்தனிக் கடன் என்று பல வருடங்களாக நடந்துவரும் குடும்பங்களின் வழக்கு இன்று நடப்பது இந்தச் சின்ன இடைவெளியில்தான்.

அந்த ஒரு கையெழுத்து

பத்திரப் பதிவு அலுவலகத்தில் மகள் போடும் கையெழுத்து பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில் இருக்கும். ‘எனக்குள்ள பங்கை இன்னாருக்கு விட்டுக்கொடுக்கிறேன்’ என்று எழுதிப் பதிவு செய்வது. பதிவான பிறகு “படிக்காமல் போட்டேன்” என்று ரத்து செய்வது லேசான காரியம் இல்லை. மோசடியோ மிரட்டலோ நடந்தது என்று நிரூபிக்க வேண்டிவரும். எனவே எந்தப் பத்திரத்தில் கையெழுத்து என்பதைப் போவதற்கு முன்பே நகல் வாங்கிப் படிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து விற்கும் கிரயப் பத்திரம் என்றால் கிரயத் தொகையில் அவருக்குரிய பங்கு வர வேண்டும். விடுதலைப் பத்திரம் என்றால், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் எழுதியிருக்கும் தொகை உண்மையில் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, தானம், பாகப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்; 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்தது. வெளி ஆளுக்கு விற்பதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு என்பதால்தான் குடும்பங்கள் இந்த வழியில் போகின்றன.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மகளிடம் “எதிர்காலத்தில் பங்கு கேட்க மாட்டேன்” என்று எழுதி வாங்குவதும் உண்டு. கல்யாணத்துக்கு நகை போடும்போது நடக்கும் சங்கதி இது. அப்பாவின் சுயார்ஜிதத்தில் அப்போது அவருக்கு உரிமையே இல்லை. இல்லாத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 6-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்கு ஈடாக உண்மையிலேயே பணமோ நிலமோ வாங்கியிருந்தால், பின்னால் வந்து கேட்பதை நீதிமன்றம் தடுக்கலாம். இதெல்லாம் எழுதி வாங்கியதற்கு. வெறுமனே “சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு” என்பது பங்குக்கு ஈடாகச் சட்டத்தில் கழிக்கப்படுவதில்லை.

உயிலும் தானமும்

சுயார்ஜிதத்தை முழுவதும் மகனுக்கே உயில் எழுதினால் மகளால் ஒன்றும் செய்ய முடியாது. உயில் உண்மையானதா என்றுதான் கேட்க முடியும். உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தகராறு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டும். வயதில் பெரியவர்களையே சாட்சி போட வைக்கும் பழக்கம் இங்கேதான் கைவிடும்.

பூர்வீகத்தில் விதி வேறு. அப்பா தன் பங்கை மட்டும் உயில் எழுதலாம், மொத்தத்தையும் முடியாது. பிரிக்கப்படாத அந்தப் பங்கை மற்றப் பங்காளிகள் சம்மதிக்காமல் தானம் கொடுக்கவும் முடியாது.

தான செட்டில்மெண்ட் எழுதினால் உரிமை அன்றே மாறிவிடும். பெற்றோர் மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு சோற்றுக்கு அலைந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் ரத்து கேட்கலாம். ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு சுலபமாகும். எழுதும்போது அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

குடும்பத் தொழில் என்றால்

அப்பா பெயரில் மட்டும் நடந்த கடை அவருடைய மற்றச் சொத்தைப் போலத்தான்: சரக்கு, வரவேண்டிய பாக்கி, கடன் எல்லாம் சேர்ந்து வாரிசுகளுக்குப் போகும். கூட்டு நிறுவனம் என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். வருமான வரிக்காக இந்து கூட்டுக்குடும்பம் என்று கணக்குக் காட்டிவரும் அரிசி ஆலை, ஜவுளிக் கடைகளில் மகளும் இப்போது பங்காளி. மூத்தவர் மகளாக இருந்தால் குடும்பத்தின் கர்த்தாவாகவும், அதாவது சொத்தை நிர்வகிக்கும் தலைவராகவும், இருக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வங்கிக் கணக்கில் நாமினியாக மகன் பெயர் இருப்பதால் பணம் அவருடையது ஆகிவிடாது. அவர் வாங்கி மற்ற வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்.

மற்றக் குடும்பங்கள், பெண்ணின் சொந்தச் சொத்து

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகம் என்ற வகை அதில் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. உயில் பொதுவாக மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் செல்லாது.

இந்துப் பெண் தன் பெயரில் உள்ள சொத்துக்கு முழு உரிமையாளர். அவர் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளும் கணவரும் சமமாக எடுப்பார்கள். பிள்ளையும் கணவரும் இல்லாத பெண் தானே சம்பாதித்து வாங்கிய வீடு, அவரைப் பெற்றவர்களுக்குப் போவதற்கு முன் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். 15-ஆம் பிரிவு இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லையென்றால், அப்பா வழி வாரிசுகளுக்குத் திரும்பும். வேலைக்குப் போய் வீடு வாங்கும் பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு பிரிவு போதும்.

கையெழுத்துக்குக் கூப்பிட்டால்

1. தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். தரவில்லையென்றால் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று பார்த்து, பத்திர எண்ணைப் பிடித்து, நகலுக்கு மனு போடலாம்.

2. வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். தாசில்தார் தரும் அந்தச் சான்று யார் யார் வாரிசு என்றுதான் சொல்லும், பங்கின் அளவைச் சொல்லாது.

3. மறுத்துவிட்டால் அடுத்த வழி பாகப்பிரிவினை வழக்கு. பங்கு இல்லை என்று விலக்கிவிட்டது தெரிந்த பிறகு 12 வருடங்கள் சும்மா இருந்தால் காலவரம்புத் தடை வரும். வழக்கு நடக்கும்போது நிலத்தை விற்றாலும், வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

4. மகளின் கையெழுத்து இல்லாமலே அண்ணன்மார் விற்றுவிட்டால், வாங்கியவருக்குப் போவது அண்ணன்மாரின் பங்கு மட்டும். ஒன்பது ஏக்கருக்குப் பணம் கொடுத்தவர், மகளோடு சேர்ந்து கூட்டு உரிமையாளராக நிற்பார். வங்கி வக்கீல் முதல் நாளே அந்த மூன்றாவது பெயரைத் தேடியது இதனால்தான்.